அம்புக்கு எதிரே வருகிறவர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்குக்குள் நிற்கிறேன். நாளை இங்கே கட்டடக்கலைக் கண்காட்சி திறக்கிறது. ஒரு மாதம் நடக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு வழி அமைப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். தெருவாசலில் "வீட்டுக்குள் வாருங்கள்" என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் உள்ளே இருக்கும் மாதிரி வீடுகளைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் காயலோரமாக வெளியே போய்விட வேண்டும். அதற்காகத் தரையெல்லாம் மஞ்சள் அம்புகள் ஒட்டியிருக்கிறேன்.

இன்று ஒத்திகை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருக்கிறோம். கடைசிவரை போகிறவர்கள் ஒருவர் விடாமல் அம்புக்கு எதிராகத் திரும்பி வந்து, உள்ளே வருகிறவர்கள்மேல் இடிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

வாசல் காவலுக்கு இருக்கும் செல்வி இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண்; பேச்சில் மலையாளம் கலக்கும். அவளிடம் கேட்கிறேன்.

"ஒருத்தர் கண்ணுலயும் அம்பு படலையா?"

"அம்பெல்லாம் கொள்ளாம் சேச்சி, நல்லாத்தான் இருக்கு. பட்சே செருப்பு இங்கயல்லே கிடக்குது?"

அப்போதுதான் பார்க்கிறேன். வாசற்படிக்கு இரண்டு பக்கமும் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன.

"யாரு கழட்டச் சொன்னா?"

"வீட்டுக்குள்ள வாங்கன்னு எழுதி வச்சது சேச்சிதானே? வீட்டுக்குள்ள ஆராவது செருப்போட கேறுவாங்களா?"

குனிந்து முதல் அம்பைப் பிய்க்கிறேன். என் செருப்பும் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. காலையில் எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை.