சுண்ணாம்புக்கு அடியில் இருந்த பெயர்

பெங்களூரில் நான் தங்கியிருக்கும் அறையில் ஒரு தோசைக்கரண்டி இருக்கிறது. அதன் ஒரு முனை மடங்கிப்போனது. தோசையின் ஓரத்தில் செருகினால் கிழித்துவிடும். உடன் இருக்கும் தோழி இரண்டு முறை அதைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தாள். வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பியபோது, நான் எழுதி வைத்த சாமான் பட்டியலில் இல்லாமல் பெட்டிக்குள் வந்த ஒரே பொருள் அதுதான். அத்தை கடைசி நேரத்தில் துணிகளுக்கு நடுவே செருகிவிட்டிருந்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கோயம்புத்தூர் தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளுக்கு டிரங்கால் போட்டுக் கொடுக்கும் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. போத்தனூரில் பெரியப்பா வீட்டின் பின்கட்டில் இருந்தார். அவரைப் படிக்க வைத்ததும் பெரியப்பாதான். அப்பாவின் கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரர். ரயில் பாதை வந்த காலத்தில் கப்பலேறி வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'துரை'. அதற்குச் சாட்சியாக எங்களிடம் மிஞ்சியிருந்தவை பெரியப்பாவின் பூனைக்கண்களும் ஒரு கல்லறையும் மட்டுமே. கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் வரிசையில் மூன்றாவது அது. ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு முன்பு பெரியப்பா தன் கையாலேயே அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். மெழுகுவர்த்தி ஏற்றி, துரைக்குப் பிடிக்கும் என்று ஒரு சுருட்டைத் தலைமாட்டில் வைப்பார்.

துரையைப் பற்றிய கதைகளை அத்தை சேகரித்த முறை அவருடைய வேலையிலிருந்து வந்தது. டிரங்காலில் யாராவது எண் சொன்னால் "இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் இணைப்புக் கொடுப்பார். உறவுக்காரர்களிடமும் அப்படியே. ஒரு திருமணத்தில் கேட்ட கதையை, மாதங்கள் கழித்து ஒரு துக்க வீட்டில் ஒன்றும் தெரியாதவர்போல மீண்டும் கேட்பார். இரண்டாம் முறையும் மாறாமல் வந்ததை மட்டும் வைத்துக்கொள்வார். நான் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். மாறியவை, மாறாதவை என்று இரண்டு வரிசையாக அவற்றை எழுதிக் கொடுப்பது என் வேலை. துரையின் நாடு மாறியது: ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஒரு முறை ஜெர்மனி. சிறுவாணித் தண்ணீரின் ருசிக்கு மயங்கித் தங்கிவிட்டார் என்ற அழகான கதையும் அடிபட்டுப் போனது. அந்தத் தண்ணீர் ஊருக்குள் வரும் முன்பே அவர் இறந்துவிட்டிருந்தார். மாறாமல் நின்றவை சில. பெயர் தாமஸ். மனைவி அன்னூர்க்காரி. துரைக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். துரை சாகும்வரை தினமும் அவர் கல்லறைக்குப் பூ கொண்டுபோனார்.

அந்த வருடம் ஆஸ்திரேலியாவில் குடியேறியிருந்த பெரியப்பாவின் மகன் கல்லறைத் திருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பெரியப்பா கறுப்புக் கல்லில் துரையின் பெயரைப் பொறிக்கச் சொல்லி, சொந்த ஊருக்காக ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தார். ஊரைக் கண்டுபிடிப்பது அத்தையின் பொறுப்பு. பழைய எழுத்து சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் என்றார் அத்தை. திருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, ஒரு மதியம், சோற்றுப் பையில் தோசைக்கரண்டியைப் போட்டுக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார்.

சுண்ணாம்பு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு நவம்பரும் ஒரு படலம். அத்தை மண்டியிட்டுச் சுரண்டினார். கரண்டியின் முனை மடங்கியது அப்போதுதான். கல் தெரிந்ததும் முந்தானையால் துடைத்தார். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆலிஸ். வயது பத்தொன்பது. காய்ச்சல். ஊர்ப் பெயர் இல்லை.

எனக்கும் அப்போது பத்தொன்பது வயது. அத்தை கல்லைப் பார்த்தார், தலைமாட்டில் கிடந்த போன வருடத்துச் சுருட்டின் மிச்சத்தைப் பார்த்தார். "அடக் கண்ணு, இத்தன வருசமா இந்தப் புள்ளைக்குச் சுருட்டக் குடுத்திருக்கறமே!" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

இன்னொரு பூச்சு அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். பெரியப்பா கோபித்தால் பேச்சை நிறுத்திவிடுபவர்; ஒரு திருமண அழைப்பிதழில் பெயர் கீழே போய்விட்டதற்காக என் அப்பாவிடம் இரண்டு வருடம் பேசவில்லை. அத்தை இருந்ததோ அவர் வீட்டில். ஆனால் அன்று மாலை, அவர் சாப்பிட உட்கார்ந்ததும், அத்தை நேராகச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, அங்க இருக்கறது நம்ம தாத்தா இல்லீங்க. பத்தொம்பது வயசுப் புள்ளைங்க."

"எங்கப்பன் கையப் புடிச்சுக் காட்டுன எடம் அம்மணி அது. போன் ஆபீசுல இருந்து இருந்து உனக்கு எதப் பாத்தாலும் ராங் நம்பரு!"

"கல்லுலயே எழுதியிருக்குதுங்க."

"அப்ப வாரவனுக்கு என்னத்தக் காட்டறது? உன்ற மூஞ்சியவா?"

அத்தை குரலை உயர்த்தவில்லை. "அங்க நம்ம கல்ல நட்டுப்போட்டா அந்தப் புள்ள பேரு போயிருமுங்கண்ணா. அதுக்கு வேற ஆரு இருக்கறாங்க?"

பெரியப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அத்தை விடுப்பு எடுத்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பேருந்தில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "தெனமும் பூ கொண்டுட்டுப் போனவரு, கடைசில அந்தம்மாள உட்டுப்போட்டு எங்க போய்ப் படுப்பாரு?" துரை என்பதால் நாங்கள் எல்லோரும் வெள்ளைக்காரர் வரிசையிலேயே தேடியிருந்தோம். தமிழர்களை அடக்கம் செய்த கிழக்குப் பக்கம் ஒருவரும் போகவில்லை. வெயில் ஏறும்வரை நடந்தோம். சுவரோரம், அருகம்புல்லுக்குள், ஒரு சின்னக் கல் பாதி சாய்ந்து நின்றது. தமிழில் பொறித்திருந்தார்கள்: அன்னூர் சவேரியம்மாள். கீழே, பிறகு சேர்த்தது போன்ற சிறிய எழுத்தில்: இவர் புருஷன் தாமஸ், இஞ்சின் டிரைவர்.

அத்தை குனிந்து புல்லைப் பிடுங்கினார். நிமிர்ந்தபோது எங்களுக்குப் பின்னால் பெரியப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கல்லை இரண்டு முறை படித்தார்.

"இன்னொருக்காப் படிச்சுட்டீங்களா? இணைப்புக் குடுத்தரலாமுங்களா?" என்றார் அத்தை.

பெரியப்பா சிரிக்கவில்லை, ஆனால் திரும்பும் வழியில் கல் பொறிப்பவரிடம் அவராகவே போனார். வெறுமையாக விட்ட வரியில் எதைப் பொறிப்பது என்றும் அவரே சொன்னார்: அன்னூர் சவேரியம்மாளின் கணவர். துரை எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது இன்றும் என்னுடைய 'மாறியவை' வரிசையில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து சுருட்டு கிழக்குப் பக்கம் போகிறது. ஆலிஸுக்கு அத்தை ஜாதிமல்லி வைக்கிறார். அவளுடைய கல்லுக்கும் பெரியப்பாவே சுண்ணாம்பு அடிக்கிறார், ஆனால் எழுத்துகளின் விளிம்போடு நிறுத்திக்கொள்கிறார். வயதாகிவிட்டதால் கை நடுங்கி எழுத்துகளின் மேல் சிந்திவிடுகிறது. காய்வதற்குள் அதை வழித்தெடுப்பது என் வேலை. எழுத்தின் பள்ளத்துக்குள் போவதற்கு மடங்கிய முனைதான் வசதி. இந்த நவம்பருக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பையில் முதலில் தோசைக்கரண்டியை வைத்திருக்கிறேன்.