குருவிக்கு நட்ட கம்பு

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், பாபநாசத்துப் பக்கம் எங்கள் ஊர் வயல்களில் குருவியே இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், பிள்ளைகளே. நெல் இருந்தது, தண்ணீர் இருந்தது, குருவி இல்லை. புது விதைநெல்லோடு புது மருந்தும் வந்திருந்தது. இரண்டு போகம் அடித்தார்கள். தவளை செத்தது, நத்தை செத்தது, இரட்டைவால் குருவி எங்கோ போய்விட்டது. புழு மட்டும் மருந்துக்குப் பழகிக்கொண்டு செழிப்பாக இருந்தது.

என் அத்தை நடவுக்கும் போவாள், சண்டைக்கும் போவாள். "இந்தத் தடவ மருந்தே வேணாண்ணே. உக்கார எடம் இருந்தா குருவி தானா வரும், புழுவத் தின்னும்" என்று அப்பாவிடம் அடம்பிடித்தாள். வரப்பு மரங்களைத்தான் எப்போதோ வெட்டியாகிவிட்டதே. ஆகவே எங்கள் குத்தகை வயலில் மூங்கில் கம்புகளை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் குறுக்காக ஒரு குச்சி கட்டினோம்.

நாலைந்து நாளில் ஒரு குருவி வந்தது. எனக்கு அது போதவில்லை. தூரத்துக் குருவிகளுக்கும் தெரியட்டும் என்று, அத்தையின் கிழிந்த சிவப்பு ரவிக்கையை நடுக்கம்பின் உச்சியில் கட்டிவிட்டேன். காற்றில் ஜோராகப் பறந்தது. வந்த ஒரு குருவியும் பறந்துவிட்டது.

அப்போது ஊருக்கு ஊர் நிலச் சண்டை. ஒரு வயலில் சிவப்புக் கொடி ஏறினால், உழுகிறவர்கள் அந்த நிலத்தைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாது. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாருக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் காலையிலேயே இரண்டு ஆட்களோடு வந்து நின்றார்.

"எம் நெலத்துலயே கொடி நடுறியா? இன்னியோட உன் குத்தகை முடிஞ்சுது."

வாய்ப்பேச்சுக் குத்தகை அது. கையில் ஒரு காகிதமும் கிடையாது. அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கொடி இல்லிங்கய்யா... குருவி உக்கார்றதுக்கு..."

"குருவிக்குமா கட்சி?"

"எல்லாக் கட்சியும் ஆண்டு பாத்தாச்சு, குருவி கட்சிதான் பாக்கி" என்றாள் அத்தை. "அது என் ரவிக்கைங்க. கிட்ட வந்து பாருங்க, கொக்கிகூட இருக்கு."

கூட வந்த ஆள் ஒருவன் சிரித்துவிட்டான். மிராசுதார் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "மொதல்ல அத அவுத்துடு. குருவியாம்! எங்கடா குருவி?"

அப்பா சேற்றில் இறங்கிப் போய் அவிழ்த்தார். முடிச்சு லேசில் அவிழவில்லை. அவர் கரையேறிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். தந்திக் கம்பியில் உட்கார்ந்திருந்த இரட்டைவால் குருவி இறங்கி வந்து, அதே கம்பில் உட்கார்ந்தது. பயிருக்குள் பாய்ந்தது. வாயில் பச்சைப் புழுவோடு மறுபடியும் கம்புக்கே வந்தது. மிராசுதார் குடையை ஊன்றியபடி, அது மூன்று புழு தின்னும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, குருவியும் இருந்துட்டுப் போவட்டும், நீயும் இருந்துட்டுப் போ" என்றார். அடுத்த போகம் அவர் பண்ணை வயலிலும் கம்பு நின்றது. அதற்கடுத்த வருஷம் ஊர் முழுக்க.

அன்று அவர் போய்த் தலை மறைந்ததும் அப்பா வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சேறா முகத்தில் ஒட்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டே நான் குருவியைப் பார்க்கப் போய்விட்டேன்.