குடைக்கல்லும் எங்கள் வெள்ளை வண்டியும்

அத்தா துபாயிலிருந்து அனுப்பும் போட்டோக்களில் எல்லாம் ஒரு பெரிய வெள்ளை வண்டி இருக்கும். அத்தா அதில் சாய்ந்து நிற்பார். ஆகவே அது எங்கள் வண்டி என்பதில் எனக்கும், என் அளப்பைக் கேட்ட தெருப் பிள்ளைகளுக்கும் சந்தேகமே இல்லை. அவர் ஓர் அரபி வீட்டில் டிரைவர் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையின் பெருமையைக் கெடுப்பானேன் என்று விட்டிருப்பார்கள்.

விசிட் விசாவில் அம்மாவும் நானும் போய், துபாய்க்குப் பக்கத்தில் முவைலாவில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தோம். அரபி குடும்பம் வெளிநாடு போயிருந்த சமயம், யாரிடமும் கேட்காமல் அத்தா அந்த வண்டியில் எங்களை ஏற்றினார். அபுதாபியையும் தாண்டி மேற்கே நெடுந்தூரம். கடல் அடிப்பக்கத்தை அரித்து அரித்து, குடை போல நிறுத்தி வைத்திருக்கும் பாறைகளைக் காட்ட வேண்டுமாம்.

மேலே அவ்வளவு பெரிய கல், கீழே இத்தனூண்டு கழுத்து. அத்தா நிழலுக்காக வண்டியை அதன் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்.

“அத்தா, வண்டிய எடுங்க! கல்லு விழுந்தா நம்ம வண்டி நசுங்கிடும்!” என்று அழுதேன்.

“இத்தனை காலமா விழாதது இன்னிக்கா விழப்போவுது?” என்று அவர் சிரிக்கும்போதே போன் அடித்தது. அரபி வீட்டம்மா, வீடியோ காலில். அத்தாவின் முகம் வெளுத்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

“எடுத்துப் பேசுங்களேன்” என்றாள் அம்மா.

“எடுத்தா பின்னாடி கடல் தெரியுமே.”

அப்புறம் பாறையை யார் பார்த்தது? கொண்டுபோன சோற்றைக்கூடப் பிரிக்காமல் கிளம்பினோம். கல் விழுவதற்குள் தப்பிக்கிறோம் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முவைலா வந்ததும் அத்தா எங்கள் செருப்பு மணல்கூட மிஞ்சாமல் வண்டியைத் துடைத்தார். நானோ அங்கே பொறுக்கிய, சிப்பி பதிந்த கல் ஒன்றை சீட்டின் முதுகுப் பைக்குள் போட்டு வைத்திருந்தேன். நம் வண்டிதானே, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்த அத்தா பெட்டியிலிருந்து அந்தக் கல்லை எடுத்துத் தந்தார். அரபி வீட்டம்மாவின் கையில் அகப்பட்டதாம்.

“உன் பிள்ளையோடதான்னு கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரல. வேலை போச்சுன்னுதான் நெனச்சேன்” என்று அம்மாவிடம் சொன்னார். “கையில குடுத்துட்டு, கலாஸ், போனது போகட்டும், இனிமே கேட்டுட்டு எடுன்னு சொல்லிட்டாங்க.”

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“நம்ம வண்டியில அவங்க ஏன் ஏறினாங்க?”

அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தா கொஞ்சம் யோசித்து, “லிப்ட் கேட்டாங்கம்மா” என்றார்.

அத்தாவின் நல்ல மனசை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.