எட்டாம் பேர், உருமி: ஆறுமுகன்

பொதுக் கேளிக்கை விதிகளில் ஒன்று தெளிவாகவே சொன்னது: மேளக் குழுவில் எத்தனை பேரோ, அத்தனை பேருடைய பெயரும் வாத்தியமும் கையொப்பமும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், கையெழுத்துத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம், மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயரை அடித்துவிட்டு மீதிப் பேருக்கு மட்டும் அனுமதி தரலாம். இறந்தவர்களைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. அதுதான் அதில் இருந்த ஓட்டை. நான் அதைச் சுட்டிக்காட்டி எழுதியதற்குத்தான் ஐந்து வருஷம் பதில் வராமல் இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி, அருள்வாக்கு இதில் எதிலும் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. பேய்க்கதை என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது சித்திரை மாதத்து மத்தியானம் மூன்று மணிக்கு, நிழல் தேடி ஆடுகூடப் படுத்துவிட்ட வெயிலில் நடந்தது. வெயில் தாக்கியிருக்கும் என்று சொல்லப்போகிறீர்கள். மேலிடமும் அதையேதான் சொன்னது.

1974. எருத்தேன்பதிப் பக்கம், மலையாளமும் தமிழும் சந்திக்கிற எல்லையை ஒட்டிய ஒரு பஞ்சாயத்தில் நான் நிர்வாக அதிகாரி. பஞ்சாயத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். நான் கல்பாத்திக்காரன். தேர்த் திருவிழாக் கச்சேரியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, துடையில் தாளம் போட்டு, பல்லவியில் யாராவது அரை மாத்திரை நழுவினால் பக்கத்து ஆளை முழங்கையால் இடிப்பதுதான் சங்கீதம் என்று நினைத்து வளர்ந்தவன். கிழக்கே வந்த பிறகு, அனுமதிச் சீட்டைச் சரிபார்க்கப் போகிற சாக்கில், கோவில் கோவிலாக வெயிலில் நின்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த நாட்டைத் தெரிந்துகொண்டேன். நம்பினால் நம்புங்கள், ஒரு கட்டத்தில் ஜீப்பில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்: செண்டை கேட்டால் சித்தூரைத் தாண்டவில்லை, செண்டை ஓய்ந்து பம்பை ஆரம்பித்தால் பாதி வழி, உருமி கேட்டால் எல்லை வந்துவிட்டது. உருமி வெறுமனே அடிக்கிற வாத்தியம் இல்லை. இடுப்பளவில் தொங்கும், ஒரு முகத்தில் விளக்கெண்ணெய் தடவி வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அது முனகும். அழுகையை விழுங்குகிற ஆளின் தொண்டை மாதிரி இருக்கும். அங்கே கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், அம்மனுக்கும் அதுதான். முதல் வருஷம் எனக்கு அது இரைச்சல். இரண்டாம் வருஷம் யார் தேய்க்கிறார்கள் என்பது வரை காதுக்குத் தெரிந்தது.

அந்தச் சித்திரையில் அம்மன் பொங்கலுக்கு ராசு விண்ணப்பம் கொண்டுவந்தார். குழுவின் தலைவர் அவர், பம்பைக்காரர், என் வயதுதான் இருக்கும். எட்டுப் பெயர், ஏழு கைரேகை. எட்டாவது பெயர் ஆறுமுகன், உருமி. ரேகைக் கட்டம் காலி. ஆறுமுகன் ராசுவின் தம்பி, மாசி மாதம் காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். அவனை எனக்குத் தெரியும். முனகலின் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு இழுத்து முடிப்பான், வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

"செத்துப்போனவன் பேரை எழுதியிருக்கேரே ஐயா?" என்றேன்.

"ஏனுங்க சார், அவன் போய்ச் சேந்தது எனக்குத் தெரியாதுங்களா? நானே தானுங்க கொள்ளி வெச்சேன்."

"பின்னே?"

"தை மாசம் கெளம்பறப்ப எட்டுப் பேராக் கெளம்பினமுங்க. ஊரூராப் போயி, கடைசியா நம்மூரு அம்மனுக்கு வாசிச்சு மேளத்த எறக்கி வெக்கற வரைக்கும் எட்டுப் பேருதானுங்க. அவன் எடத்துல யாரும் நிக்கமாட்டம். உருமிய ஒரு வேப்பங்கழியில அங்கயே தொங்க உடுவோம். எறக்கி வெச்ச பொறகுதான் அவன அனுப்பறது. நடுவுல பேர அடிச்சுப்போட்டா, பாதி வழியில அவன எறக்கி உட்ட மாதிரி ஆயிருமுங்க. எந்த ஊருக்குனு போவான்?"

"வாசிக்கப்போறது ஏழு பேர்தானே?"

"நிக்கறது எட்டுங்க."

"ரூலாக்கும் இது. ரேகை இல்லாட்டா ஆள் இல்லை."

அவர் விண்ணப்பத்தை என் பக்கமாகத் தள்ளினார். "அடிச்சுக்குங்க. அதுக்கு அவன் என்ன சொல்றானோ, அதையும் நீங்களே கேட்டுக்குங்க."

காலிக் கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டேன், பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன், எண்ணிக்கை ஏழு என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். பொங்கலன்று காலை கோவில் மைதானத்தில் வேப்பங்கழியில் உருமி தொங்குவதைக் கண்டதும், அனுமதியில் இல்லாத வாத்தியம் என்று அதையும் எடுத்தேன். முறைப்படிதான் எடுத்தேன். துணிப்பட்டை சுற்றி, எண்ணெய் முகத்தின் நடுவில் முடிச்சு வைத்து, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி, அலுவலக முத்திரையை அழுத்தினேன். ராசு தடுக்கவில்லை. "தோலு காஞ்சிருமுங்க" என்று மட்டும் சொன்னார். மைதானத்தை ஒட்டியே எங்கள் ஆபீஸ். உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். ஒரே சாவி, அது என் சட்டைப்பையில்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். அரைவட்டமாக ஏழு பேர், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி. அவர்கள் அடியெடுத்துத் திரும்பும்போது அந்த இடைவெளியும் கூடவே திரும்பியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன், ஏழு, சரி என்று குறித்தேன். குறித்து மூடியைப் பேனாவில் போடுவதற்குள் உருமி முனகியது.

யாரோ வாயால் செய்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து போய் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன், ஏழு பேரும் வாயை மூடியிருந்தார்கள். சுற்றிலும் நின்ற சனத்தில் யாரும் திடுக்கிடவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ரசிகர்கள் பேசுகிற மாதிரி சாவகாசமாகப் பேசிக்கொண்டார்கள்.

"ஆறுமுகன் இழுக்கறது இன்னைக்கு அத்தன சுகமில்லக்கா."

"எண்ணெ போடலையாட்ட இருக்குது. பூட்டி வெச்சா எப்படிப் பேசும்?"

எனக்குக் கோபம் வந்தது. நேராக அந்த இடைவெளிக்குள் போய் நின்றேன். முனகல் நிற்கவில்லை. என் இடுப்பின் இடப்பக்கத்தில், உருமி தொங்குகிற உயரத்தில், கையை நீட்டினால் படுகிற தூரத்தில் கேட்டது. நான் கையை நீட்டவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். "நிறுத்தும்!" என்று கத்தினேன். ஏழு பேரும் நிறுத்தினார்கள். உருமி மட்டும் இரண்டு தாளம் கூடப் போய், அந்தச் சின்ன இழுப்பு இழுத்து, முறையாக முடித்துக்கொண்டு நின்றது.

ராசு பம்பையைப் பிடித்தபடி கேட்டார்: "எத்தன பேருங்க சார்?"

நான் ஆபீசுக்கு நடந்தேன். அட்டெண்டர் சங்குண்ணி பின்னாலேயே வந்தான். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தேன். உருமி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, துணிப்பட்டை அவிழவில்லை, அரக்கு உடையவில்லை. ஆனால் முத்திரை இல்லை. உடைத்து எடுத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன், அதற்குப் படிவம் இருக்கிறது. தேய்ந்திருந்தது. காலையில் எழுத்தெழுத்தாக நான் அழுத்திய முத்திரை, வருஷக்கணக்காகக் கை பட்ட படிக்கல் மாதிரி வழுவழுவென்று, ஒரே பக்கமாகத் தேய்ந்து மினுங்கியது.

"சாரே, சாவி சாரின்ட கையில் அல்லே?" என்றான் சங்குண்ணி.

"ஆமாம்."

"பின்ன எனக்கு ஒந்நும் அறியண்டா" என்று, எதையும் தெரிந்துகொள்ள விரும்பாதவனாக வாசல்படி இறங்கிப் போய்விட்டான்.

நான் அங்கேயே நின்று யோசித்தேன். விதிப்படி அந்த உருமி இனி மேலிடத்துக்குப் போக வேண்டும், போனால் திரும்பிவர எத்தனை வருஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் மேளம் இறக்கி வைப்பது அன்று சூரியன் சாய்வதற்குள். பேனாக்கத்தியால் பட்டையை அறுத்தேன், அரக்கைப் பையில் போட்டுக்கொண்டேன், உருமியை நானே தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்துபோய் ராசுவிடம் கொடுத்தேன். அவர் உடனே தோலில் எண்ணெய் தடவி வேப்பங்கழியில் மாட்டினார். விண்ணப்பத்தை எடுத்து அதே சிவப்பு மையில் எழுதினேன்: "பெயர் நீக்கியது ரத்து. எண்ணிக்கை எட்டு. நேரில் கேட்டு உறுதி செய்தேன்." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இறக்கி வைக்கும் வரை முழுவதையும் கேட்டேன். எண்ணெய் பட்ட பிறகு எப்படிப் பேசியது என்று உங்களுக்கு விளக்க எனக்கு வராது. எத்தனையோ பெரிய வித்துவான்களைக் கேட்டவன் நான், அவ்வளவுதான் சொல்வேன்.

மூல விண்ணப்பத்தையும், விதியின் ஓட்டையைச் சுட்டிக்காட்டி ஓர் அறிக்கையையும் மேலிடத்துக்கு அனுப்பினேன். முத்திரை உடைந்தால் என்ன செய்வது என்று விதி இருக்கிறது, தேய்ந்தால் என்ன செய்வது என்று தெரிவிக்கவும் கேட்டிருந்தேன். என்னிடமே விளக்கம் கேட்டுக் குறிப்பாணைதான் வந்தது. வெயிலால் ஏற்பட்ட மயக்கத்தில் எழுதியது என்று ஒரு வரி கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் ஒரே பதில்தான் எழுதினேன்: எனக்கு மயக்கம் இல்லை, எண்ணத் தெரியும், ஏழும் ஒன்றும் எட்டு. என் பதவி உயர்வு என் கண்முன்னே அடுத்தவனுக்குப் போனது. போகட்டும். அவனுக்குக் காது கேட்காது.

பதில் ஒரு நாள் தபாலில் வந்தது. ஒரே பத்தி. "தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. எட்டுப் பேருடைய கைரேகையும் முறைப்படி இருப்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது." பின்னால் மூல விண்ணப்பம் குத்தப்பட்டிருந்தது. எட்டாவது கட்டத்தைச் சுற்றி என் சிவப்புப் பென்சில் வட்டம் அப்படியே இருந்தது. வட்டத்துக்குள் ஒரு பெருவிரல் ரேகை. மை இல்லை, எண்ணெய். காகிதம் அந்த இடத்தில் கண்ணாடி போல ஆகி, வரி வரியாக வெளிச்சம் விட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். விளக்கெண்ணெய்.

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, தேய்ந்த அரக்கோடு ஒரே உறையில். எண்ணெய் காய வேண்டும் இல்லையா, இத்தனை வருஷத்தில்? தொட்டால் விரலில் ஒட்டுகிறது. உறையின் மேல், தபால் வந்த தேதியை அன்றைக்கே என் கையால் எழுதி வைத்தேன், பின்னால் யாரும் எனக்கு மயக்கம் என்று சொல்லக்கூடாது பாருங்கள்: 14 ஜூன் 1979, வியாழக்கிழமை.