சிவப்பு டப்பாவில் விழுந்த உலகப் போர்

கறுப்பு மையில், ஸ்கேல் வைத்து, மூலைக்கு மூலை இழுத்த இரண்டு கோடுகள். அவற்றுக்கு அடியில் முதல் உலகப் போர் கிடந்தது. காரணங்கள், கூட்டணிகள், பதுங்கு குழிகள் எல்லாம் அழகான கையெழுத்தில், ஏறக்குறைய எல்லாமே சரியாக. புரட்டினால் பருவக்காற்றின் மேல் இன்னொரு ஜோடிக் கோடு. அதற்கடுத்த பக்கத்தில் கரிசல் மண்ணுக்கும் அதே கதி. நான் இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்த மாதிரித் தேர்வில், அடிபடாமல் உயிரோடு மிஞ்சியது ஒரு பொருத்துகவும் காலக்கோடும்தான். தாளை என் முன்னால் வைத்துவிட்டு, "பாருங்க சார்" என்று அத்தனை சாந்தமாகச் சொன்ன முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு லேசாக மூச்சு வாங்குகிறது.

எழுதியவர் எங்கள் கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன் அக்கா. ஒரகடத்தில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற சின்னக் கம்பெனி அது. நான் அங்கே தரக்கட்டுப்பாட்டுச் சூப்பர்வைசர். மெஷினிலிருந்து சூடாக விழும் பாகங்களை அக்கா ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நல்லது பச்சை டப்பாவுக்குப் போகும், ஆகாதது சிவப்பு டப்பாவுக்கு. சேரப்பணஞ்சேரிக்காரர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கலாம். கேட்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்ததில் அவருக்குச் சமூக அறிவியல் மட்டும் நின்றுபோனது. அதற்குப் பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று வந்து, அந்த ஒரு பாடத்தை யாரும் தேடவில்லை.

தேட வைத்தது ஒரு கேமரா. பாகங்களைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதில் கேமரா பார்க்கும் மெஷின் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. ஒப்பந்தத்தில் இருக்கும் இன்ஸ்பெக்ஷன் ஆட்களில் பத்தாம் வகுப்பு தேறியவர்களை மட்டும் நிரந்தரமாக்கி அந்த மெஷினில் உட்கார வைப்பார்களாம். மற்றவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அக்காவின் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அவருடையது ஒன்றுதான். ஆகவே ஒரு குடும்பத்தின் சோறு சமூக அறிவியலில் போய் மாட்டிக்கொண்டது. சமூக அறிவியல் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது.

எப்படி என்றால், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் நாள் பூரா சும்மா பேசிக்கிட்டே இருக்கீங்களே, அதையே கொஞ்சம் உபயோகமா பேசுங்க. அந்தம்மாவுக்குப் பாடம் எடுங்க" என்றார். நான் டிப்ளமா மெக்கானிக்கல். பத்தாவதில் சமூக அறிவியலை நான் எப்படித் தேறினேன் என்பது கல்வித் துறைக்கே விளங்காத மர்மம். இருந்தாலும் வாய் தன் பழக்கத்தில், "பண்ணிடலாம் சார்" என்று சொல்லிவிட்டது. என் வாழ்க்கையில் நடந்த பெரும்பாலான விபத்துகள் அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியவைதான்.

படப்பையில் ஒரு நோட்ஸ் வாங்கி, பஸ்ஸில் அட்டையை மறைத்து வைத்துப் படித்தேன். முதல் வகுப்பு, பகல் ஷிப்ட் முடிந்து கேன்டீனில். அக்கா முகம் கழுவி, பொட்டு வைத்து, ஸ்கேல், பென்சில், ரப்பர் சகிதமாக வந்து உட்கார்ந்தார். "முதல் உலகப் போர் இன்னாத்துக்கு சார் வந்திச்சு?" என்றார். எனக்கு அந்தக் கணத்தில் கேன்டீனின் மின்விசிறி மட்டும்தான் ஞாபகம் வந்தது. "அது வந்து... எல்லாரும் கோபத்துல இருந்தாங்க அக்கா" என்றேன். பக்கத்து மேசையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவோடு அதே வரிசையில் வேலை பார்ப்பவள். தலையைத் தூக்காமலே, "எக்கா, சாரு அந்தப் பாடத்துக்கு லீவு போட்டுட்டாவ போல" என்றாள். மறுநாளிலிருந்து நான் விடியற்காலையில் எழுந்து படிக்க ஆரம்பித்தேன். என் மனைவி என்னை ஜோசியரிடம் காட்டலாமா என்று யோசித்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

அக்கா நன்றாகவே படித்தார். சொல்லச் சொன்னால் சொல்வார், எழுதச் சொன்னால் எழுதுவார். அதனால்தான் அந்த மாதிரித் தேர்வுத் தாள் என்னை அப்படிப் புரட்டிப் போட்டது. ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். தொழிற்சாலைகள் ஓரிடத்தில் அமையக் காரணம் என்ன என்ற கேள்வியைக் காட்டினார். நெடுஞ்சாலை, துறைமுகம், மின்சாரம், நிலம், ஆட்கள் என்று ஒரு பக்கம் எழுதி, அதன்மேல் கோடு போட்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தானே அக்கா இருக்கு?"

"தண்ணின்னும் எழுதினேன் சார். அது சந்தேகமா பூட்ச்சி. எங்கூர் ஏரில தண்ணி எங்க கீது? அதான் அட்ச்சிட்டேன்."

"சந்தேகம்னா அந்த ஒரு வார்த்தையை அடிக்கலாம்ல? பக்கத்தையே அடிப்பாங்களா?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒரு எடத்துல கீறல் இருந்தா மொத்த பீஸையும்தானே சார் ரெட்ல போடணும். கீறல மட்டும் எடுத்துட்டு மீதிய அனுப்ப முடியுமா?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. சந்தேகம் வந்தால் முன்னால் தள்ளாதே என்பது எங்கள் தொழிலின் வேதம். ஷிப்ட் தொடங்கும்போது எல்லாரும் வரிசையில் நின்று அதை உரக்கச் சொல்லுவோம். ஒருமுறை மயிரிழை வெடிப்புள்ள பாகங்கள் வாடிக்கையாளர் கம்பெனிவரை போய், அனுப்பிய சரக்கு முழுவதும் அதே வண்டியில் திரும்பி வந்தது. வாசலில் நின்ற அந்த வண்டியை அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. அந்தப் பாகங்கள் இன்னொருவர் ஷிப்டில் போனவை என்று சொல்லியும் அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், பாதி தெரிந்ததையும் எழுதி வை, கிடைக்கிற மார்க் கிடைக்கட்டும் என்று சொல்லுவது கோயிலில் செருப்போடு நுழையச் சொல்வது மாதிரி.

ஆனாலும் சொன்னேன். தொண்டை வற்றும்வரை சொன்னேன். பொருளாதாரத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தி பற்றி ஒரு பாடம் உண்டு. அது எனக்குக் கைகொடுக்கும் என்று நம்பினேன். இறுதிப் பொருளின் விலை மட்டும்தான் கணக்கில் வரும், நடுவில் செய்யும் பாகங்களைத் தனியாகச் சேர்த்தால் ஒன்றையே இரண்டு முறை எண்ணியதாகிவிடும் என்று விளக்கினேன்.

"அப்போ நாம செய்யறது நாட்டுக் கணக்குலயே வராதா சார்?"

"காரோட விலைக்குள்ள வந்துடும் அக்கா. இல்லன்னா ஒவ்வொரு கம்பெனியிலயும் கூடுற மதிப்பை மட்டும் வரிசையா கூட்டிப் பாருங்க, அதே தொகைதான் வரும். மார்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு பாயின்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போவாங்க."

இதைச் சொல்லி முடித்தபோது என்னை நானே தோளில் தட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "அது நல்ல பீஸுக்கு சார். ஒடஞ்ச பீஸ் உள்ள போனா கார்தானே திரும்பி வரும்" என்றார் அக்கா. நான் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து மஞ்சள் டப்பா. நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியாத பாகங்களை அதில் போட்டால், நான் வந்து பார்த்துச் சொல்லுவேன். அதுதான் எங்கள் வழக்கம். "உங்க பதிலையும் மஞ்சள்ல போடுறதா நினைச்சுக்குங்க அக்கா. திருத்துறவங்க பாத்துக்குவாங்க" என்றேன். "மஞ்சள்ல போட்டா நீங்க பாப்பீங்கோன்னு தெரியும். அங்க யாரு பாக்கறாங்கோ? அவங்களும் கவனிக்காம உட்டுட்டா?" என்றார். திருநெல்வேலிப் பெண் மறுபடியும் உப்புமாவிலிருந்து பேசினாள்: "சாரு, நீங்க பேசாம எக்காவுக்குப் பதிலா போயி எழுதிருங்க. என்ன, எக்காவாச்சும் எழுதிட்டுத்தான் அடிப்பாவ, நீங்க எழுதவே மாட்டிய." அந்தப் பெண்ணுக்கு அந்த மாதம் ஓவர்டைம் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். பிறகு ஆள் இல்லாமல் நானே கெஞ்சிக் கொடுத்தேன்.

பரீட்சையன்று, போகவே கூடாது என்று உறுதியாக இருந்த நான், படப்பைப் பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் அக்காவுக்கு முன்னாலேயே போய் நின்றேன். தனித்தேர்வர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினார். ஒரு கையில் ஹால் டிக்கெட், இன்னொரு கையில் பேனாவும் ஸ்கேலும். அந்த ஸ்கேலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பொறி தட்டியது. அக்கா கோணல்மாணலாக அடிக்கிற ஜாதி இல்லை. அடித்தால் ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பார். "கொஞ்சம் கொடுங்க அக்கா" என்று வாங்கினேன். மணி அடித்தது. "உள்ள போங்க, லேட்டாகுது" என்று தள்ளிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அந்தச் சாமர்த்தியத்தில் நான் திளைத்தது ஒரு பீடா மெல்லும் நேரம்தான். காலக்கோடு ஞாபகம் வந்தது. ஸ்கேல் இல்லாமல் காலக்கோடு எப்படிப் போடுவார்? நிச்சயமாகக் கிடைக்கிற மதிப்பெண்ணில் பாதி அதுதானே? வாசல் காவலரிடம் ஓடினேன். "சார், இந்த ஸ்கேலை உள்ளே கொடுக்கணும்." அவர் ஸ்கேலை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னை அதே மாதிரி பார்த்தார். "இன்னா சார், வயசானவரு மாதிரி கீறீங்கோ, பிட்டு குடுக்கப் பாக்கறீங்களா?" என்றார். ஒரு குடும்பத்தின் சோற்றை வேர்க்கடலை தின்கிற மாதிரித் தின்றுவிட்டோமே என்று, எதிரே டீக்கடை பெஞ்சில் ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர், பிள்ளைக்கு என்ன பரீட்சை என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

அக்கா வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "காலக்கோடு?" என்றேன்.

"மேற்பார்வை டீச்சர் ஸ்கேல் குடுத்தாங்கோ. போட்டதும் வாங்கிக்கினாங்கோ."

"மத்தது?"

"ரெண்டு மூணு அடிக்க வேண்டியது இருந்திச்சு. கையால அட்ச்சா அசிங்கமா இருக்கும். திரும்பி ஸ்கேல் கேக்க வெக்கமா இருந்திச்சு. உட்டுட்டேன்." பிறகு, திருடனிடம் பேசுகிற மாதிரி, "என் ஸ்கேல குடுங்க சார்" என்றார்.

தேறிவிட்டார். நூலிழையில். முடிவு வந்த அன்று கேன்டீனில் நான் போட்ட ஆட்டத்துக்கு மேனேஜரே வெளியே வந்து பார்த்தார். அக்கா மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, தட்டில் வைத்த லட்டைத் தொடாமல் இருந்தார். என்ன அக்கா என்று கேட்டதற்கு, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "மழைக் கேள்வில ஒரு வரி தப்பு சார். தமிழ்நாட்டுக்கு அதிகமா மழை குடுக்கறது தென்மேற்குன்னு எழுதிட்டேன். தெரிஞ்சேதான் அனுப்பிச்சேன்" என்றார். ஐப்பசிதோறும் முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்கு வருகிறவர், அந்தத் தண்ணீர் எந்தக் காற்றில் வந்தது என்பதில் கோட்டை விட்டிருக்கிறார். மற்ற வரிகள் சரியாக இருந்திருக்கும், அதற்கு மார்க் போட்டிருப்பார்கள் என்று எவ்வளவு சொல்லியும் முகம் தெளியவில்லை.

இப்போது அவர் நிரந்தர ஊழியர். கேமரா மெஷின் பக்கத்தில், பெயர் தைத்த சட்டையோடு உட்காருகிறார். அது தள்ளுவதை இவர் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார். எனக்கும் அவருக்கும் இன்று மிச்சமிருக்கிற சண்டை ஒன்றுதான். மதிப்பெண் சான்றிதழை ஒரு சாதாரணக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். கரையான் அரிக்கும், மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நனையும், கூட்டுரோட்டில் கடை இருக்கிறது, லேமினேஷன் போடுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கத்துகிறேன்.

"அந்த மழை வரியப் பாத்துட்டு திருப்பிக் கேட்டா இன்னா சார் பண்றது? லேமினேஷன் போட்டத வாங்குவாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க அக்கா."

"நீங்க சொல்வீங்கோ."

இதுவரை கல்வித் துறையிலிருந்து வண்டி எதுவும் வரவில்லை. வந்தால் கொடுத்தனுப்ப அக்கா தயாராக இருக்கிறார்.