தில்லியில் ஆறு நாள்: டெபிட் கார்டு என்னுடையது, கிரெடிட் கார்டு அவருடையது

போன கட்டுரையின் கீழே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். வெளியூர் போனால் தினசரிச் செலவுக்கு டெபிட் கார்டு நல்லதா, கிரெடிட் கார்டு நல்லதா என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்தப் பிப்ரவரியில் ஆறு நாள் தில்லிக்குப் போனபோது இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் அது பாதிப் பதில்தான்.

எதற்காகத் தில்லி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தில்லியின் துவாரகா பகுதியில் இருக்கும் என் கல்லூரித் தோழி சித்ரா பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் என் மகள் கயல். பொறியியல் படித்துச் சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள், போன ஜூனில் அதை விட்டுவிட்டுத் தில்லியில் மொழியியல் முதுகலை சேர்ந்துவிட்டாள். என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் அலுவலக நண்பரின் மகன் அதே சென்னைக் கம்பெனியில் இருந்தான், அவன் மூலமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. வேலையை விட்டதைக்கூட அவர் பொறுத்திருப்பார். ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததைத்தான் பொறுக்கவில்லை. எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் அவள் எனக்குப் போன் செய்வாள். அவள் என்ன சாப்பிட்டாள், என்ன படிக்கிறாள் என்று சாயங்காலம் நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவர் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொள்வார்.

இனி கார்டு விஷயம். டெபிட் கார்டு என் சொந்தக் கணக்கோடு சேர்ந்தது. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், அந்தப் பணம் அதில் இருக்கிறது. கிளம்பும்போது நாற்பத்தோராயிரம் இருந்தது. கிரெடிட் கார்டு என் கணவருடையது. அவருடைய கணக்கிலேயே என் பெயருக்கு ஒரு துணைக் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஆட்-ஆன் கார்டு என்பார்கள். செலவு நான் செய்வேன், பில் அவருக்கு வரும். கூடவே, நான் எங்கே தேய்த்தாலும் அந்த நொடியே அவர் போனுக்குக் குறுஞ்செய்தி போகும்.

கிளம்புவதற்கு முதல் நாள் அவர் கார்டை மேசையில் வைத்தார்.

"தனியாப் போற. கையில ரொக்கம் நெறய வெச்சுக்காத. இதுலயே செலவு பண்ணிக்க. ஆனா அவளுக்கு என் கார்டுல ஒரு ரூபா போடக்கூடாது."

"என் டெபிட் கார்டுல போட்டேன்னா?"

"அது உன் காசு. நான் எதுக்குக் கேக்கறேன்?"

எல்லைக்கோடு போட்டாகிவிட்டது. எனக்கும் சித்ராவுக்கும் ஆகிற செலவு கிரெடிட்டில், கயலுக்கு ஆகிற செலவு டெபிட்டில்.

கரூரிலிருந்து கோவை விமான நிலையம் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். பேருந்தில் மூன்று மணி நேரம் பிடித்தது. மதியம் ஒன்று இருபதுக்கு விமானம், டிக்கெட் 6,940 ரூபாய். உள்ளே போய் ஒரு காபி வாங்கினேன், 280 ரூபாய். கிரெடிட் கார்டைத் தட்டிவிட்டு ஒரு வாய் குடிப்பதற்குள் போன் வந்தது.

"காப்பிக்கா இருநூத்தி எம்பது? தங்கக் கப்புலயா குடுத்தான்?"

"காகிதக் கப்புதாங்க."

"அரைக் கிலோ காப்பித்தூள் வாங்கியிருக்கலாம்."

அவர் கஞ்சர் இல்லை. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர். கஞ்சருக்கும் கணக்கருக்கும் வித்தியாசம் உண்டு என்று இருபத்தாறு வருடமாக என்னிடம் சொல்லிவருகிறார். தில்லியில் இறங்கித் துவாரகாவுக்கு முன்பணம் கட்டும் டாக்சி எடுத்தேன். பதினொரு கிலோமீட்டர், 420 ரூபாய். வண்டி கிளம்பும் முன்பே அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மீட்டர் போட்டால் குறையுமா என்று டிரைவரிடம் கேட்கச் சொன்னார். என்னுடைய இந்தியில் அதைக் கேட்டிருந்தால் டிரைவர் என்னைத் திரும்ப விமான நிலையத்துக்கே கொண்டுபோய் விட்டிருப்பார்.

இரண்டாம் நாள் சித்ராவோடு குதுப் மினார், பிறகு தில்லி ஹாட் என்னும் கைவினைச் சந்தை. சித்ராவின் கணவருக்கு விமான நிலையத்தில் வேலை, தில்லிக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அவள் தமிழில் பாதி இந்தி. பர்ஸில் நான்கு கிரெடிட் கார்டு வைத்திருக்கிறாள், டெபிட் கார்டு பீரோவில் தூங்குகிறது. நான் ஒரு சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கார்டு என்று யோசித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

"அரே, இதுல சோச்சறதுக்கு என்ன இருக்கு? டெபிட்ல எவனாவது கை வெச்சா உன் காசு உடனே போச்சு. கிரெடிட்ல வெச்சா பேங்க் காசு. ஜல்தி கம்ப்ளெயிண்ட் பண்ணா போதும், பில்லுலேந்து எடுத்துடுவா. மாசக் கடைசில மொத்தத்தையும் கட்டிடு, பஸ், அவ்ளோதான்."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அவள் சொல்லாத ஒன்றை நானே அங்கே கண்டுகொண்டேன். டெபிட் கார்டை நீட்டும்போது மிச்சம் எவ்வளவு என்று மனம் கணக்குப் போடுகிறது, கிரெடிட் கார்டை நீட்டும்போது போடுவதில்லை. சால்வை 1,850 ரூபாய். ரொக்கமாக எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தால் நிச்சயம் வாங்கியிருக்க மாட்டேன். இந்த முறை போன் வரவில்லை, "கலர் என்ன?" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் காலை, கயல் தங்கியிருக்கும் முனிர்கா. துவாரகாவிலிருந்து மெட்ரோவின் நீலத்தடத்தில் ஏறி ஜனக்புரி மேற்கில் மாற வேண்டும். எனக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது, கட்டணம் 54 ரூபாய். கயல் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். எல்லா அம்மாக்களும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைப்பீர்கள், இவள் நிஜமாகவே இளைத்திருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்தில் மூன்றாம் மாடி அறை. வாடகை 9,500. வெயில் எந்தப் பக்கத்திலிருந்தும் வராது. ரஜாய், அதாவது பஞ்சு மெத்தைப் போர்வை, என்று அவள் போர்த்திக்கொண்டிருந்தது பழைய ஜமுக்காளத்தைவிட மெல்லியதாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அவளுக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

உடனே கடைக்கு அழைத்துப்போய் நல்ல ரஜாய் ஒன்றும் குக்கர் ஒன்றும் வாங்கினேன். மொத்தம் 3,900. கிரெடிட் கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூட ஆகும் என்றார் கடைக்காரர். கவலைப்படாதீங்க அண்ணா என்று டெபிட் கார்டை எடுத்தேன். என் போன் மட்டும் ஒலித்தது. கரூரில் ஒரு சத்தமும் இல்லை. அந்த நிம்மதியில் ரோட்டோரக் கடையில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தட்டு ராஜ்மா சாதம் சாப்பிட்டோம், 120 ரூபாய் ரொக்கம். அங்கே எந்தக் கார்டும் செல்லாது. போன் வழியே பணம் அனுப்பலாம், நான் அதை வைத்துக்கொண்டதில்லை. போன் தொலைந்தால் டியூஷன் காசு மொத்தமும் போய்விடுமே என்ற பயம்.

அந்தப் பயம்தான் மறுநாள் என் கையைக் கட்டிப்போட்டது.

நான்காம் நாள் பிற்பகல் கயல் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் நிமிடத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தாள். யாரடி அது என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். உடைந்துவிட்டாள். பருவக் கட்டணம் 26,800 ரூபாய், அன்று மாலை ஐந்து மணிக்குக் கடைசி. கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஆன்லைனில் பாடம் எடுத்துச் சேர்த்த பணம் வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. அவள் கணக்கில் இருந்தது நாலாயிரம். மணி அப்போது மூன்று நாற்பது.

"இதுக்குப் போயா அழுவ? எங்கிட்ட இருக்குதே," என்று டெபிட் கார்டை எடுத்தேன்.

கட்டணப் பக்கத்தில் என் எண்ணைப் போட்டதும் மறுத்துவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. கார்டு வாங்கியபோதே இணையத்தில் எதுவும் வாங்க முடியாதபடி நானே வங்கியில் எழுதிக் கொடுத்து அடைத்து வைத்திருந்தேன். திறக்க வேண்டுமென்றால் கரூர் கிளைக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஏடிஎம்மில் ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது. போனில் புதிதாகக் கணக்கை இணைத்தாலோ முதல் நாள் ஐயாயிரம்தான் அனுப்பலாம். பத்திரம் பத்திரம் என்று எல்லாக் கதவையும் பூட்டிச் சாவியை ஊரில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

சித்ராவைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். கயல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. வீட்ல குடுக்கலன்னு ஊரெல்லாம் தெரியணுமா?"

அப்படியே அவள் அப்பாவின் வீம்பு. மிச்சம் இருந்தது அந்த இன்னொரு கார்டு. அதைக் கடையில் தேய்த்தால் பின் எண் போதும். இணையத்தில் கட்டினால் ஆறு இலக்க ஓடிபி வரும், அது என் போனுக்கு வராது, அவர் போனுக்குத்தான் போகும். அதாவது அவருக்குத் தெரியாமல் முடியாது என்பதோடு, அவர் சொன்னால்தான் முடியும். நாலு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். விஷயத்தை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவளையே கேக்கச் சொல்லு," என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். இவள் முறுக்கிக்கொண்டால் படிப்பு போகும். அவர் குத்தலாக ஒரு வார்த்தை சொன்னால் இவள் கார்டையே தூக்கி எறிவாள். கயல் என் கார்டு எண்ணைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். திரையில் மூன்று நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் போயே போய்விட்டது.

"அப்பா... நம்பர் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"சொல்றீங்களா?"

"இரு. கண்ணாடியப் போட்டுக்கறேன்."

பிறகு ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். நாலு. ஏழு. அடுத்ததற்கு அவ்வளவு நேரம் எடுத்தார். ஆறாவது எண் வருவதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னாள். இரண்டாம் முறை நடுவில் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டார், பக்கம் மறுத்துவிட்டது. முப்பது பஸ்ஸின் பில்லை மனத்திலேயே கூட்டுகிற மனிதர் அவர். ஆறு எண்ணைச் சொல்ல முடியவில்லை. குரல் கம்மியிருந்தது என்பது எனக்குக் கேட்டது, கயலுக்கும் கேட்டிருக்கும். ஏனென்றால் மூன்றாம் முறை அவள்தான் நிதானமாக, "ஒண்ணும் அவசரமில்லைங்ப்பா, ரெண்டு ரெண்டா சொல்லுங்க," என்றாள்.

நாலு பதினேழுக்குக் கட்டணம் போய்ச் சேர்ந்தது.

"ஆயிருச்சுங்ப்பா."

"ம்."

அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. நான் பால் வாங்கி வருகிறேன் என்று எழுந்து கீழே போனேன். பால் ஏற்கெனவே இருந்தது.

ஐந்தாம் நாள் நானும் கயலும் சித்ராவும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் வெயில் காய்ந்தோம். ஆறாம் நாள் காலை விமானத்தில் கோவை. ஊருக்கு வந்ததும் என் கணக்கிலிருந்து 26,800 ரூபாயை அவருக்கு மாற்றப் பார்த்தேன். அது என் பில், நீ எதுக்குக் கட்டற என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏன் சொல்லாமல் வேலையை விட்டாய் என்று அவர் இன்னும் கேட்கவில்லை, அவளும் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தில்லியில் விமான நிலையம், ஹோட்டல், பெரிய கடை, இவற்றுக்குக் கிரெடிட் கார்டு நல்லது. கடைசி நாளுக்குள் முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் மட்டும். கொஞ்சம் பாக்கி வைத்தால்கூட வட்டி கையைக் கடித்துவிடும். கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தாராளமாகச் செலவழிப்பவர்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் டெபிட் கார்டு, அதுவும் பெரிய சேமிப்பு இருக்கும் கணக்கில் இல்லாமல் தனிக் கணக்கில். ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டாயிரம் ரொக்கம் போதும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இணையப் பயன்பாடு திறந்திருக்கிறதா, ஒரு நாள் வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். கணவர் அல்லது பிள்ளைகளின் துணைக் கார்டை வைத்திருப்பவர்கள் ஓடிபி உங்கள் போனுக்கே வரும்படி செய்ய முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். எங்கள் வங்கியில் முடியும், ஒரு கையெழுத்துதான்.

நான் இன்னும் மாற்றவில்லை. மே மாதம் விடுமுறைக்கு வர கயல் ரயில் டிக்கெட் போட்டாள். அவளுடைய பாடப் பணம் வந்துவிட்டது, அவள் டெபிட் கார்டிலேயே போட்டிருக்கலாம். காலையிலேயே என்னைக் கூப்பிட்டு என் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் போனை வைத்த இரண்டாம் நிமிடம் கூடத்தில் அவர் போன் ஒலித்தது.

"சொல்லு கண்ணு," என்றார். "இரு, கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்."

கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.