வரப்பில் நின்றவன்

நெல்லைப் பற்றிப் படிக்க என்னை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம். வெளிநாட்டுப் படிப்பு என்றால் லண்டன்தான் என்று எங்கள் ஊரில் நினைப்பு. "ஜப்பான்ல போயி என்னத்தப் படிக்க?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அப்பாவுக்குத் தொண்டை வறண்டது. திருவனந்தபுரத்தில் நடந்த தேர்வில் ஓர் அதிகாரி, "விவசாயம் தெரியுமா?" என்று கேட்டார். "நாஞ்சில் நாடு சார், பிறந்ததே வயலில்தான்" என்றேன். நான் பிறந்தது வயலுக்கு எதிரே இருந்த மச்சு வீட்டில்.

எங்கள் வயலில் நடவு நடந்தால் அப்பா வரப்பில் குடை பிடித்து நிற்பார். விவரம் தெரிந்த நாள் முதல் நானும் பக்கத்தில் நிற்பேன். நடுவது பெண்களின் வேலை, அதுவும் கூலிக்கு வரும் பெண்களின் வேலை. எங்கள் வீட்டு ஆண் ஒருவன் நாற்றுமுடியோடு சேற்றில் இறங்கினால், குடும்பம் நொடித்துப்போயிற்று என்று ஊரே துக்கம் விசாரிக்க வந்துவிடும்.

ஜப்பானில் கல்லூரியில் சில மாதம் மொழி சொல்லித்தந்துவிட்டு, நடவுக் காலத்தில் எங்களை உழவர் வீடுகளில் தங்க அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது ஒரு கிழவரும் அவருடைய மருமகளும் மட்டும் இருந்த வீடு. மகன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த ஊரில் ஒரு வீட்டு நடவுக்கு மற்ற வீட்டார் முறை வைத்து வருவது வழக்கம். நெல் விளையும் நாட்டிலிருந்து உழவர் வீட்டுப் பையன் வருகிறான், இந்தத் தடவை நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று கிழவர் அவர்களிடம் சொல்லிவிட்டாராம். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

மறுநாள் காலையில் தூறல். இருவரும் வயலில் இறங்கினார்கள். நான் இஸ்திரி போட்ட கால்சட்டையோடு வரப்பில் நின்று குடையை விரித்தேன். திமிர் இல்லை, நம்பினால் நம்புங்கள், எனக்கு வேறொன்றும் தோன்றவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர் ஒரு நாற்றுமுடியை என்னிடம் நீட்டிச் சிரித்தார். வாங்கிக்கொண்டேன். கால் இறங்கவில்லை. கடல் தாண்டி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் யார் பார்த்துவிடப் போகிறார்கள்? ஆனாலும் இறங்கவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் நடுவதில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எதிரே எழுபதைத் தாண்டிய ஆண் ஒருவர் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாரே.

மருமகள்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்து அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் பதறிக் கரையேறி, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டார்கள். நடவு நேரத்தில் ஒரு மனிதன் சும்மா நிற்பதற்கு வேறு காரணம் அவர்களுக்குத் தெரியாது. இல்லையென்று நான் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

படுக்கை விரித்துப் படுக்கவைத்தார்கள். எழுந்தால் பொய் வெளிப்பட்டுவிடும் என்பதால் நடவு முடியும்வரை எழுந்திருக்க எனக்கு வழியில்லை. மருமகள் வயலிலிருந்து ஓடிவந்து கஞ்சி காய்ச்சி, உப்பில் ஊறிய புளிப்புக் காய் ஒன்றைப் போட்டுத் தருவாள். அந்த நேரமும் நடவில் குறைந்தது. எனக்கோ நல்ல பசி. காய்ச்சல்காரன் இன்னொரு கிண்ணம் கேட்க முடியுமா? கதவிடுக்கில் பார்த்தால் இரண்டு முதுகுகள் தெரியும். இருட்டும்வரை நிமிராது. மற்ற வீட்டார் அதற்குள் தங்கள் நடவில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் முறை முடிந்து வாய்க்கால் தண்ணீர் பிறர் வயலுக்குத் திரும்பியபோது, ஒரு வயல் நடப்படாமலே கிடந்தது. அதற்கு வைத்திருந்த நாற்று முற்றி மஞ்சளடித்துப் போயிற்று. அந்த வருடம் அதில் அவர்களுக்கு நெல் இல்லை.

நான் கிளம்பிய அன்று கிழவர் தலை தரையில் படக் குனிந்தார். வந்த விருந்தாளியை நோயில் கிடக்க விட்டுவிட்டோமே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் குனிந்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறு வருடம் ஊர் திரும்பியபோது கன்னிப்பூ நடவு, வருடத்தின் முதல் போகம். நான் வந்த கையோடு அப்பா என்னை வயலுக்கு அழைத்துப் போனார். அவருடைய சினேகிதர் ஒருவர் வரப்பில் நின்று கேட்டார்: "அங்க ஆம்பளையும் எறங்கி நடுவான்னு சொல்லுகாவ, நெசமா மக்கா? நீயும் நட்டியா?"

அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. நட்டுக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நட்டேன் என்று சொல்லிவிட அவ்வளவு ஆசையாக இருந்தது.

"இல்ல மாமா, நான் கரையிலதான் நின்னேன்" என்றேன்.

அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. "கேட்டீராவே? எந்தச் சீமைக்குப் போனா என்ன, நம்ம வீட்டுப் பய சேத்துல கால வைப்பானா?" என்று என் முதுகில் தட்டினார். நான் பட்டம் வாங்கியபோதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதாவது நான் இறங்கியிருக்கலாம். வயல் காலடியில்தான் இருந்தது. இறங்கவில்லை.